வலப்பக்கம் விளக்குப் பிடிக்காதவர்கள் வாசித்தளிக்கும் மடல்

டெக்சாஸ் மாநிலம், ஃபிரிஸ்கோ நகருக்கு வடக்கே அமைந்த வானியல் கருவிக்கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒளியியல் வடிவமைப்பாளராகத் தொண்டாற்றி, இன்று பணி நிறைவு காணும் திருமதி தாமரைச்செல்வி சேனாபதி அவர்களுக்கு, அவரோடு உழைத்தவர்கள் உள்ளம் கனத்து உவந்தளிக்கும் மடல்.

விண்ணிலிருந்து விழும் வெளிச்சத்தை வீணாக விடாமல் வடித்தெடுக்கும் வித்தகியே! கண்ணுக்கு எட்டாத கதிர்களைக் கண்ணாடி இழைகளில் கட்டி இறக்கிக் கணக்குச் சொல்ல வைத்த கைவண்ணமே! நான்கு பெருந்தொலைநோக்கிகளுக்கு நான்கு கருவிகள் நல்கி, நான்கிலும் தம் பெயரை எங்கும் பொறிக்காத நாணமே! 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கருவிக்கூடத்தின் வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டு வரச் சொன்ன கண்டிப்பின் இலக்கணமே! வணக்கம், வணக்கம்!

இந்த நான்கு விளிகளை எழுதி முடிக்க ஜெபதாஸுக்கு மூன்று வாரம் ஆனது. எங்கள் கூடத்தில் இயந்திரப் பாகங்களுக்குப் பொறுப்பானவர் அவர். நாகர்கோவில்காரர். சபையில் போதகர்கள் மாற்றலாகிப் போகும்போதெல்லாம் வாழ்த்து மடல் எழுதிப் பழகிய கை. ஐந்தாவதாக 'தவறென்பதே அறியாத தங்கமே' என்று ஒன்றும் எழுதி வைத்திருந்தார். மென்பொருள் எழுதும் யாமினி அதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்கிள், இது மட்டும் வேணாம். இதைப் படிச்சீங்கன்னா ஆன்ட்டி எழுந்து போயிடுவாங்க."

ஜெபதாஸ் வாதாடவில்லை. அடித்துவிட்டார். அடித்த இடத்தில் எதை எழுதுவது என்ற கேள்வியில்தான் இந்த மடல் இவ்வளவு நீண்டுவிட்டது.

அம்மையீர், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குத் துணிச்சல் போதாத செய்திகள் சில இதில் இருக்கின்றன. ஆகவே கொஞ்ச நேரத்துக்கு நீங்கள் இந்த அறையில் இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். தாமரைச்செல்வி என்ற வேறு ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிவிடுகிறோம். வியாழக்கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டி, ஆங்கிலத்தில் நான்கு வரி பொறித்த பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த நான்கு வரியில் இல்லாததை மட்டும் சொல்கிறோம்.

தாமரைச்செல்வி செய்துவந்த வேலை என்னவென்று அவருடைய கணவர் சேனாபதி ஐயாவுக்கே முப்பது ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. "வானத்தைப் பாக்கறவன்னு ஊர்ல சொல்றேன். வீட்டுக் கூரை ஒழுகறது மட்டும் இவ கண்ணுக்குத் தெரியாது" என்பார். அவருக்காகவும், துணைக்கு வந்து அமர்ந்திருக்கும் மற்றவர்களுக்காகவும் ஒரு தடவை சொல்லிவிடுகிறோம்.

கேமரா விண்மீன் திரளின் உருவத்தைக் காட்டும். நிறமாலைமானி ஒரு புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்தப் புள்ளி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லும். தாமரைச்செல்வி வடிவமைத்தது இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யும் கருவி. எண்ணூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி இழைகள், தலைமுடியைவிடச் சற்றே தடிமனானவை. ஒரு முனையில் அவை கட்டாகச் சேர்ந்து வானத்தைப் பார்க்கும். மறு முனையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நின்று தத்தம் ஒளியைக் கருவிக்குள் கொடுக்கும். பள்ளி மைதானத்தில் கலைந்து நிற்கும் பிள்ளைகள் மணியடித்ததும் வரிசைக்கு வருவதுபோலத்தான். வரிசையில் நிற்கும் எந்தப் பிள்ளை மைதானத்தில் எங்கே நின்றது என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலுக்கு எங்கள் பேச்சில் 'மேப்' என்று பெயர். மேப் பிசகினால் கருவி பொய் சொல்லும், அதுவும் மிகத் துல்லியமாகச் சொல்லும்.

மேப் விஷயத்தில் தாமரைச்செல்விக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நான்காவது கருவிக்கு இழை கோத்தபோது முந்நூற்றுப் பதினேழாம் இழை நஞ்சப்பனின் கையில் உடைந்தது. எங்கள் கூடத்தில் இழைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒட்டுகிறவர் நஞ்சப்பன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. "பதினெட்டைப் பதினேழுன்னு மாத்திட்டு அப்படியே கீழ நகத்திரலாங்க அக்கா, பாக்கறக்கு ஓட்டை தெரியாது" என்று கெஞ்சிப் பார்த்தார். தாமரைச்செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. உடைந்த இழையின் எண் அப்படியே நிற்க வேண்டும், எதிரே வெற்றிடமாக இருக்க வேண்டும், அடுத்தவர் யாருக்கும் அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. என்றைக்காவது மாற்று இழை கிடைத்தால் அது தன் இடத்திலேயே வந்து உட்காரும் என்றார். அன்றிலிருந்து அதுவே கூடத்தின் வழக்கமாகிவிட்டது. இன்றுவரை அந்தக் கருவி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். நஞ்சப்பன் அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படிப்பட்டவரின் அந்த நான்காவது கருவியில்தான் ஒரு பிழை நடந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதம், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமை. சிலி நாட்டு மலைக்குப் போக வேண்டிய இழைக்கட்டை ஏற்றிச்செல்ல மூன்று மணிக்கு டிரக் வரவேண்டும். கட்டு கிளம்புமுன் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. வானம் பார்க்கும் முனையில் ஐந்து இடத்தில் சிறு விளக்கைக் காட்ட வேண்டும்: நடுவில், மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம். காட்டிய இடத்தில்தான் திரையில் புள்ளி எரிகிறதா என்று பார்த்து ஐந்து வரிகளிலும் 'சரி' என்று எழுத வேண்டும். தாமரைச்செல்வியே எழுதிய முறை அது.

"கிளாம்ப் ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு நிக்குதுங்க. விளக்கு உள்ளார போக மாட்டேங்குது" என்றார் நஞ்சப்பன். கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கிளாம்பைக் கழற்றி மறுபடி மாட்டினால் அரைநாள் போய்விடும்.

"நடுவுல சரி, மேல சரி, கீழ சரி. மூணு வந்தா அஞ்சும் வரும். விடுங்க" என்றார் ஜெபதாஸ். அன்று மாலை குடும்பத்தோடு ஹூஸ்டனுக்கு டிரைவ் பண்ணிப் போக வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று காலையிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

படிவத்தின் முதல் மூன்று வரிகளில் 'சரி' என்று எழுதினார். நான்காம் வரியிலும் ஐந்தாம் வரியிலும் மேலே உள்ளதேதான் என்று மேற்படிக் குறி போட்டார்.

இரண்டரை மணிக்குத் தாமரைச்செல்வி வந்தார். அதுவரை ஒரு வீடியோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். ஜெபதாஸின் கையெழுத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்தவர். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "தூரம் போறவங்க எல்லாம் இப்பவே கிளம்புங்க, ரோடு மோசமா இருக்கும்" என்று எங்களை விரட்டிவிட்டு, டிரக்குக்குத் தான் மட்டும் காத்திருந்தார்.

பிழை எதுவென்று இப்போது சொல்லிவிடலாம். கட்டின் படத்தை ஜெபதாஸ் பின்பக்கமிருந்து பார்த்து வரைந்திருந்தார். யாமினியின் மென்பொருள் அதை முன்பக்கமிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டது. சட்டைப் பை இடப்பக்கம் என்பார் போட்டிருப்பவர், வலப்பக்கம் என்பார் எதிரே நிற்பவர். அவ்வளவுதான் விஷயம். எந்தப் பக்கமிருந்து வரைந்தீர்கள் என்று யாமினி கேட்கவில்லை, ஜெபதாஸ் சொல்லவும் இல்லை. இடம் வலமாக மாறினாலும் நடு நடுவாகவே இருக்கும், மேல் மேலாகவே இருக்கும், கீழ் கீழாகவே இருக்கும். நாங்கள் விளக்குப் பிடித்தது அந்த மூன்று இடத்தில் மட்டும்தான்.

கருவி மலைக்குப் போனது. மாட்டினார்கள். முதன்முதலாக விண்மீன் ஒளி வாங்கியது, எல்லோரும் கைதட்டினோம். தாமரைச்செல்வி அதற்கு முந்தைய மாதமே மலைக்குப் போய் மூன்று நாள் தங்கினார். மூன்று நாளும் மேகம். தான் செய்த கருவியின் வழியாக ஒரு விண்மீனைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

அந்தக் கருவியை முதலில் பயன்படுத்தியவர்களில் அஞ்சனாவும் ஒருத்தி. கலிபோர்னியாவின் பே ஏரியாவில் பிறந்து வளர்ந்த பெண். முனைவர் பட்டம் முடித்து, நிரந்தர வேலை தேடிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர். கருவி கட்டும்போது ஆறு மாதம் எங்களோடு இதே கூடத்தில் இருந்தாள். நாங்கள் தமிழில் பேசினால் எல்லாம் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நஞ்சப்பன் கொண்டுவரும் கொள்ளுப் பருப்பை டப்பாவோடு பிடுங்கிக்கொள்வாள். அவள் ஏழு விண்மீன் திரள்களை எடுத்தாள். எல்லாமே வழவழவென்று நீள்வட்டமாக, இடதும் வலதும் ஒன்றுபோலத் தெரிபவை. ஒவ்வொன்றையும் அதன் நீளவாட்டில் கிடத்தி எடுத்திருந்ததால், இடம் வலமாகப் புரண்டாலும் உருவம் காட்டிக்கொடுக்கவில்லை. அவற்றிலுள்ள வாயு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று ரேடியோ தொலைநோக்கிகள் முன்பே சொல்லியிருந்தன. விண்மீன்கள் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுழல்வதாக எங்கள் கருவி சொன்னது. அது பெரிய கண்டுபிடிப்பு. அதை வைத்து, ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்குக் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அவர்கள் முன் உரையாற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொல்லித் தன் ஸ்லைடுகளைத் தாமரைச்செல்விக்கு அனுப்பினாள்.

போன ஆண்டு பிப்ரவரி அது. தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாமரைச்செல்வி ஸ்லைடுகளைப் பார்த்தார். பன்னிரண்டாவது ஸ்லைடில் ஏழு படங்கள் வரிசையாக இருந்தன. ஏழும் எதிர்ப்பக்கம் சுழன்றன. ஒன்றிரண்டு அப்படி இருக்கலாம், வானத்தில் அதுவும் உண்டு. ஏழுக்கு ஏழும் என்றதும் அவர் டப்பாவை மூடிவிட்டார்.

கூடத்தின் அலமாரியில் அதே மேப்போடு செய்த உபரிக் கட்டு ஒன்று இருந்தது. நஞ்சப்பனைக் கூப்பிட்டு, அதன் கிளாம்பை முழுக்கக் கழற்றச் சொன்னார். அரைநாள் ஆகும் என்று நாங்கள் அன்று பயந்த வேலை. நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

"வலது பக்கம் காட்டுங்க."

நஞ்சப்பன் விளக்கைக் காட்டினார். திரையில் இடப்பக்கம் எரிந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் இடப்பக்கமே எரிந்தது. தாமரைச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தார். பழைய படிவத்தை எடுத்துவரச் சொன்னார். நான்காம் வரியையும் ஐந்தாம் வரியையும் வெகுநேரம் பார்த்தார். கதவோரம் நின்ற ஜெபதாஸ், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. படிவத்தைக் கோப்பில் திரும்ப வைத்தார். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: ஏதாவது ஒரு விண்மீனை நடுவில் வைத்து, வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், எங்கே தெரிகிறது என்று எழுதுங்கள்.

ஜெபதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மேடம், இன்னும் மூணு நாள்தான். வெள்ளிக்கிழமை டாக் முடிஞ்சிரட்டும். திங்கக்கிழமை சொல்லிக்கலாம். அந்தப் பொண்ணோட லைஃப் மேடம் இது."

"திங்கக்கிழமை சொன்னா, எப்பத் தெரியும்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?"

"இப்பதான் தெரிஞ்சுதுன்னு…"

"செவ்வாய்க்கிழமை தெரிஞ்சதைத் திங்கக்கிழமைன்னு எழுதச் சொல்றீங்களா ஜெபதாஸ்?"

அன்று ஜெபதாஸ் சொன்னதில் இரக்கம் கால்பங்கு, பயம் முக்கால்பங்கு என்பதை இந்த மடலில் எழுதச் சொன்னவர் அவரேதான்.

மறுநாள் காலை மலையிலிருந்து பதில் வந்தது. வலப்பக்கம் நகர்த்திய விண்மீன் இடப்பக்கம் போயிருந்தது. பதினொரு மணிக்குத் தாமரைச்செல்வி அஞ்சனாவை அழைத்தார். ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக யாமினியைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹாய் ஆன்ட்டி! டிட் யூ சீ மை ஸ்லைட்ஸ்?"

"பாத்தேம்மா. உக்காந்து கேளு. அதுல ஒரு தப்பு இருக்கு. உன்னோடது இல்ல, எங்களோடது. எங்க மேப்ல இடம் வலம் மாறிப்போச்சு."

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆல் செவன்?"

"ஏழும்."

"ஆர் யூ ஷ்யூர், ஆன்ட்டி?"

"மலையில செக் பண்ணச் சொல்லி, காலையில பதில் வந்துச்சு. யாமினி கரெக்ட் பண்ணின மேப்பை இன்னைக்கே அனுப்புவா."

"மை டாக் இஸ் ஆன் ஃப்ரைடே."

"தெரியும்மா."

"தென் வொய் ஆர் யூ டெல்லிங் மீ நவ்? யூ குட் ஹாவ் வெயிட்டட். ஜஸ்ட் டூ டேஸ், ஆன்ட்டி!"

தாமரைச்செல்வி மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"நீ அங்க மேடையில நின்னு தப்பாச் சொல்லிட்டிருக்கே, அது எனக்கு இங்க தெரியும்னா, நான் எப்படிம்மா சும்மா இருக்கறது?"

அஞ்சனா போனை வைத்துவிட்டாள். யாமினி அன்று மாலை மேப் கோப்பில் ஒரேயொரு கழித்தல் குறியைச் சேர்த்தாள். ஏழு விண்மீன் திரள்களும் மற்ற எல்லாவற்றையும்போல, வாயுவோடு சேர்ந்து ஒரே பக்கமாகச் சுழன்றன. அதில் சொல்ல ஒரு செய்தியும் இல்லை.

வெள்ளிக்கிழமை அஞ்சனா மேடை ஏறினாள். அங்கே இருந்தவர்கள் பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்துக் காட்டி, தன் கண்டுபிடிப்பு புதன்கிழமை காலையோடு இல்லாமல் போனது என்று அவளே சொன்னாளாம். எழுந்து நின்று கைதட்டினார்களாம். இரண்டு வாரம் கழித்து, வேலை வேறொருவருக்குப் போனதாக மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆகஸ்டில் அவளுடைய ஆராய்ச்சிக் காலமும் முடிந்தது. இப்போது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் மென்பொருள் சோதிக்கிறாள். வானத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று யாமினி சொல்கிறாள்.

மார்ச்சில் விசாரணை வைத்தார்கள். திரையில் பதினொரு முகங்கள். மேசையின் இந்தப் பக்கம் தாமரைச்செல்வியும் நாங்கள் மூவரும். யார் சரிபார்த்தது என்ற கேள்வி வந்தது.

"படிவத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது" என்று தாமரைச்செல்வி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நஞ்சப்பன் தன் காலணியைப் பார்த்தார். யாமினி லேப்டாப்பைப் பார்த்தாள். ஜெபதாஸ் மூன்று தடவை தண்ணீர் குடித்தார். மேற்படிக் குறி போட்டது நான் என்று சொல்ல ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. அந்த ஒரு நிமிடம் எங்கள் யாரிடமும் இல்லை.

இன்னும் பெரிய தொலைநோக்கி ஒன்றுக்கு ஐந்தாவது கருவியை அவர் இரண்டு ஆண்டுகளாக வரைந்துவந்தார். அதுதான் தன் கடைசி வேலை, அதுதான் தன் நல்ல வேலை என்பார். அந்த வரைபடங்கள் எல்லாம் வேறொரு கூடத்துக்குப் போய்விட்டன. நகலெடுக்கும் இயந்திரத்துக்கு அடுத்த சிறு அறையில் அவருக்கு ஒரு மேசை போட்டு, ஓய்வு பெறும்வரை சோதனை முறைகளை எழுதித் தரச் சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். இழைக்கட்டுச் சோதனை என்ற பகுதியில் இப்படி இருக்கிறது: 'விளக்கு ஐந்து இடத்திலும் காட்டப்பட வேண்டும். ஐந்துக்கும் தனித்தனியே கையெழுத்து வேண்டும். மேற்படிக் குறி செல்லாது.' அந்த வரியைப் படித்த அன்று, அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகும் தினமும் மதியம் எங்களோடு ஒரே மேசையில்தான் சாப்பிட்டார். தன் எலுமிச்சை ஊறுகாயை எப்போதும்போல ஜெபதாஸ் பக்கம்தான் முதலில் நகர்த்தினார். எங்களை அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

ஒருநாள் அந்த மேசையில் அவரே சொன்னார். "சொன்னது சரிதான்னு தெரியும் ஜெபதாஸ். சரியாச் சொன்னேனான்னுதான் தெரியல. நேர்ல போயிருக்கணும். ஒரு பிளேன் டிக்கெட் போட்டு, அவ பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்கணும். போன்ல சொல்லிட்டேன்." மாதம் ஒரு கடிதம் அஞ்சனாவுக்கு எழுதுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அலுவலக அஞ்சல் பெட்டியில் அவர் போடுவதைப் பார்த்திருக்கிறோம். பதில் வந்ததைப் பார்த்ததில்லை.

அம்மையீர்! இனி உங்களை நேராகவே பார்க்கிறோம். நீங்கள் இந்த அறையில் இல்லாததுபோல நடித்தது போதும்.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் முடிவில், முழக்கமும் முத்துமாலையும் முறையாகப் பெற வேண்டிய உங்களுக்கு, நாங்கள் கொண்டுவந்திருப்பது ஒரு குற்ற ஒப்புதல். விளக்குப் பிடிக்காதவர்கள் நாங்கள். பிடித்ததாக எழுதியவர்கள் நாங்கள். அதற்குப் பழி சுமந்தவர் நீங்கள். நேற்று நாங்கள் மூவரும் கையெழுத்திட்டு, அந்த நவம்பர் புதன்கிழமை என்ன நடந்தது என்று விசாரணைக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டோம். ஐந்தாவது கருவி அதனால் உங்களிடம் திரும்பி வரப்போவதில்லை. காலம் கடந்துவிட்டது. எங்கள் வேலை என்ன ஆகும் என்பதும் தெரியாது. நஞ்சப்பனின் மனைவி மட்டும், ஒரு வருஷம் முன்னாடியே அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

சென்ற ஆண்டு வேலையில் சேர்ந்த ரக்ஷா, நீங்கள் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்துத்தான் வேலை பழகினாள். போன மாதம் ஒரு சின்னக் கட்டைச் சோதித்தாள். அவசரம் என்று நாங்கள் சொல்லியும் கிளாம்பைக் கழற்றினாள். ஐந்து இடத்திலும் விளக்குப் பிடித்து, ஐந்து கையெழுத்துப் போட்டாள். உங்கள் பெருமையைச் சொல்ல எங்களிடம் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

கண்ணொளி குன்றாமல், கால்வலி கூடாமல், கூரையைப் பற்றிய சேனாபதி ஐயாவின் புகாரைக் காது குளிரக் கேட்டபடி நெடுநாள் நலமோடு நிறைவாழ்வு காண்பீராக! மேகமே இல்லாத மூன்று நாள் அந்த மலையில் உங்களுக்கு வாய்ப்பதாக! யாரோ போட்ட குறிக்குக் கீழே கையெழுத்திடும் கட்டாயம் இனி ஒருபோதும் உமக்கு வராதிருப்பதாக!

கையெழுத்துகளைப் பற்றி ஒரு சொல். இந்தக் கூடத்தில் வேலை தொடங்கிய வரிசைப்படி எண் போட்டிருக்கிறோம். இன்றைய விழாவுக்கு வரச் சொல்லி யாமினி ஜெர்சி சிட்டியில் இருக்கும் அஞ்சனாவுக்கு எழுதினாள். "சாரி, கான்ட்" என்று பதில் வந்தது. வராவிட்டாலும் இந்தத் தாளில் கையெழுத்து மட்டும் போடுவாயா, தபாலில் அனுப்புகிறோம் என்று மறுபடி கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. நான்காம் எண் அவளுடையது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர், வெற்றிடம் அசிங்கமாக இருக்கிறது, ஐந்தை நான்காக்கி மேலே ஏற்றிவிடலாமே என்றார். எங்கள் கூடத்தில் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டோம். பின்பலகையை ஆணி அடிக்காமல், கழற்றுவதற்கு வசதியாகத் திருகு வைத்துப் பொருத்தச் சொல்லியிருக்கிறோம்.

இவண்,
தங்களோடு உழைத்தவர்கள்

1. ஜெபதாஸ் (நான்காம், ஐந்தாம் வரிகளில் மேற்படிக் குறி போட்டவர்)

2. நஞ்சப்பன்

3. யாமினி

4.

5. ரக்ஷா